வரிசையில் நின்ற பாட்டில்

குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம். கழுகுமலை முருகன் புண்ணியத்தில் கையும் காலும் நல்லபடியாக இருக்கும்போதே ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். குழாய் மாட்டுவது எப்படி, வால்வு திறப்பது எப்படி என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. என்றைக்காவது ஒரு நாள் உத்தரவைக் கையில் கொடுத்து, ‘போய் இந்த வீட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டு வா’ என்று உங்களை அனுப்புவார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து புதூர்ப் பக்கம் போகிற வழியில் எங்களுடையது ஒரு சின்னப் பேரூராட்சி. அதில் நான் குழாய் பொருத்துகிற பிட்டர். எங்கள் ஊர் ஆண்கள் நிறையப் பேர் வளைகுடாப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர்கள். பெண்களில் பாதிப்பேருக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் பிழைப்பு. அந்தச் சமயத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கம் போர் மூண்டது. எங்கள் ஊரில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் வருகிற பணம் வரவில்லை. கப்பல் ஏற வேண்டிய சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று தீப்பெட்டி வேலையையும் குறைத்துவிட்டார்கள். பாவம், சில வீடுகளில் சாப்பாட்டுக்கே யோசனை. தண்ணீர் வரியை யார் கட்டுவார்கள்?

வரிக் கணக்கை முடிக்கிற மார்ச் மாதம் நெருங்கியது. பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் செயல் அலுவலர் ஒரு பெண். கடலூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது, எங்கள் ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல மனுஷிதான். ஆனால் நாள் தவறாமல் மேலிடத்திலிருந்து போன் வரும். “சுப்பையாண்ணே, எத்தனை வீடு முடிஞ்சுதுன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?” என்பார். எனக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பென்ஷன் தாள் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு பள்ளம் தோண்டுவதற்குக் கணேசன் வருவான். நல்ல வேலைக்காரன், வாய்க்காரனும் கூட. கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

“அண்ணாச்சி, செல்வி வீட்டுல இருந்து ஆரம்பிப்போம். அந்தப் பிள்ளை சத்தம் போடாது.”

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் இது. வாசலில் நின்று ஏசுகிற வீட்டை அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிவைப்போம். தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கிற வீட்டைத் தொடவே மாட்டோம். சத்தம் போடாத வீட்டில்தான் முதல் கடப்பாரை விழும்.

செல்வியின் புருஷன் முருகேசன் வளைகுடாவில் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். செல்வி தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்குகிறவள். அவர்கள் வீடு காளியம்மன் கோயில் தெருவின் கடைசியில், பள்ளமான இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் தண்ணீர் வேகமாக ஏறாது. அதனால் வாசலில் குழி வெட்டி, குழாயைக் குழிக்குள் தாழ்வாக வைத்திருப்பார்கள். தெருவில் மற்றக் குழாய்கள் காற்றை ஊதுகிற நாளிலும் செல்வி வீட்டுக் குழியில் தண்ணீர் சொட்டும். அன்றைக்குத் தெருவே அங்கே குடத்தோடு வந்துவிடும். அவளும் ஒருத்தரையும் போ என்று சொன்னதில்லை. அந்த இணைப்பு ஒருமுறை போய்விட்டால் பாக்கி, வைப்புத்தொகை, ரோட்டைத் தோண்டுகிற கட்டணம் எல்லாம் கட்டித்தான் திரும்ப வாங்க முடியும். அவளால் அது நடக்கிற காரியமே இல்லை. அப்புறம் பிள்ளைகள் ஊருக்கு வெளியே உப்புத் தண்ணீர் வருகிற ஆழ்குழாய்க் கிணற்றுக்குத்தான் நடக்க வேண்டும்.

நாங்கள் போனபோது வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணாச்சி, கடப்பாரையோட வருதீங்க? எங்கனயும் உடைஞ்சுட்டுதா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த துணியை உதறி, கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துவிட்டாள். பிறகு உள்ளே போனாள். அழப் போகிறாளோ என்று நினைத்தேன். செம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தாள்.

“வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சிட்டு வேலையப் பாருங்க.”

கணேசன் கடப்பாரையைக் கீழே சாய்த்துவிட்டான். நான் செம்பை வாங்கிக்கொண்டேன், குடிக்க முடியவில்லை.

“முருகேசன்கிட்ட இருந்து போன் வந்துச்சாம்மா?”

அவள் செல்போனைக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் ‘நல்லா இருக்கீங்களா’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அனுப்பியிருந்தாள். “எல்லாம் ஒத்த டிக்கோட நிக்குது அண்ணாச்சி. அவிய இருக்க பக்கம் டவர் இல்லைன்னு சொல்லுதாங்க. டவர்தான் இல்லையா, என்னன்னு...” செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். “நீங்க உங்க வேலையப் பாருங்க.”

இங்கே எதிர்வீட்டு மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேரிக்கும் செல்விக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு குடம்.

எங்கள் ஊரில் தண்ணீருக்கு ஆள் வரிசையில் நிற்க மாட்டார்கள். குடம்தான் நிற்கும். குடத்தை வைத்துவிட்டு ஆள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகலாம், காட்டுக்குப் போகலாம், சர்ச்சுக்கும் கோயிலுக்கும் போகலாம். திரும்பி வரும்போது குடம் வைத்த இடத்தில் இருக்கும். அடுத்தவர் குடத்தைத் தொட்டு நகர்த்துவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். அப்படியிருக்க, முருகேசன் ஊரில் இருந்தபோது பைக்கை வெளியே எடுக்கிற அவசரத்தில் மேரியின் குடத்தைக் காலால் ஒதுக்கிவிட்டான். அன்றைக்கு ஏறிய கோபம் மேரிக்கு இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு செல்வி வீட்டுக் குழியில் அவள் ஒரு சொட்டுப் பிடித்ததில்லை. மூன்று தெரு தள்ளிப் போய்ச் சுமந்து வருவாள்.

அந்த மேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, எங்கன தோண்டப் போறீங்க?”

“இந்தா, குழிக்கு இந்தப் பக்கம்.” கணேசன் கடப்பாரை முனையால் தரையில் ஒரு கோடு கிழித்துக் காட்டினான்.

மேரி வீட்டுக்குள் போனாள். பச்சைக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கோட்டின் மேல் சரியாக வைத்தாள்.

“இன்னைக்குத் தண்ணி வராதே மேரி” என்றேன்.

“வரும்போது வரட்டும். நான் வரிசை போட்டுட்டேன்.”

செல்வி திகைத்துப் போய்ப் பார்த்தாள். மேரி அவள் பக்கம் திரும்பாமல் என்னிடமே சொன்னாள்: “ஒருத்திக்காகவும் வைக்கல. எனக்குத் தண்ணி வேணும், வச்சிருக்கேன். எவளும் நெனைச்சுக்கிட வேண்டாம்.”

கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டுக் குடம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. யாரும் கத்தவில்லை, மறியல் என்று சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தோண்ட வேண்டிய இடம் முழுக்கக் குடமாகிவிட்டது. கணேசன் என்னைப் பார்த்தான்.

“நம்மால எடுக்க முடியாது அண்ணாச்சி. என் வீட்டுக்காரி குடமும் நாலாவதா நிக்குது. தொட்டேன்னா ராத்திரிக்கு எனக்குச் சோறு கிடையாது.”

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதைச் சொல்கிறேன். மேடத்துக்குப் போன் போட்டு ஒரு பொய் சொல்லலாம். கரிசல் மண் வெடித்து வெடித்துக் குழாயைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். ‘குழாய் இறங்கிப் போச்சு மேடம், தேடிப் பாக்கணும்’ என்றால் வெளியூர்க்காரரான அவர் நம்பிவிடுவார். அன்றைக்குத் தப்பித்துவிடலாம். ஆனால் மறுநாள் வேறு ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து தோண்டச் சொல்வார். வருகிறவனுக்குக் குடத்தைத் தொடக் கூடாது என்பது தெரியாது. எடுத்து எறிந்துவிட்டு வெட்டிவிட்டுப் போய்விடுவான். முருகா, வழி காட்டு என்று நினைத்துக்கொண்டு உள்ளதையே சொன்னேன்.

“மேடம், ஒரு நடை நீங்களே தெருவுக்கு வாங்க. நான் போன்ல சொன்னா விளங்காது.”

வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் குடங்களைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க? எடுத்து ஓரமா வைங்கண்ணே.”

“நாங்க எடுக்க முடியாதும்மா.”

“சரி, நான் எடுக்கறேன்.” குனிந்து பச்சைக் குடத்தின் கழுத்தில் கை வைத்தார்.

“மேடம்.” மேரியின் குரல் உயரவில்லை. “அது என் இடம். நீங்க கலெக்டரா இருந்தாலும் பின்னாலதான் வைக்கணும்.”

மேடம் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார். நான் வழக்கத்தைச் சொன்னேன். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்று மட்டும் சொன்னேன். அவர் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து, அத்தனை குடத்தையும் ஒருமுறை பார்த்தார். வாசல் படியில் நின்ற செல்வியையும் பார்த்தார். செல்வி கும்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

“உங்க வீடா?”

“ஆமா மேடம்.”

“ஏன் ஆபீசுக்கு வந்து அவகாசம் கேக்கல?”

“எப்பக் கட்டுவேன்னு கேப்பீங்க. எனக்கே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லுவேன்?”

மேடம் ஸ்கூட்டர் பையிலிருந்து தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தார். நீல நிற எவர்சில்வர் பாட்டில். மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வரிசையின் கடைசிக் குடத்துக்குப் பின்னால் போய் வைத்தார்.

“மேலிடத்துக்கு எழுதிப் பாக்கறேன். நான் வந்து இதை எடுக்கற வரைக்கும் இங்க பள்ளம் கிடையாது. என் இடத்தை யாரும் பிடிச்சிடாதீங்க.”

மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏட்டி, நல்ல விவரமான பொம்பளைட்டி” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எனக்கே கேட்டது. மேடத்துக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்னால் மறக்க முடியாது. தெருவில் குடங்களும் பாட்டிலும் வெயிலில் நின்றுகொண்டே இருந்தன. ஆட்டுக்காரர் தன் மந்தையை அந்த இடத்தில் மட்டும் வளைத்து ஓட்டிப் போவார். ஒரு கிடா பாட்டிலின் மூடியை நக்கப் போய், மேரி விளக்குமாற்றோடு விரட்டியதை நானே பார்த்தேன். “ஏலே, ஆபீசர் பாட்டில்ல எச்சில் பண்ணுதியாலே!”

ஆனால் மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. போன்தான் வந்தது. பக்கத்து ஊர்களில் எல்லாம் வேலை முடிந்துவிட்டது, உங்கள் ஊரில் மட்டும் என்ன என்று கேட்டார்களாம். கடைசியில் ஒருநாள் காலையில் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தூக்கம் இல்லாத முகம்.

“சுப்பையாண்ணே, இதுக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது. நானும் சம்பளத்துக்கு வந்தவதான். இன்னைக்கு நானே போய் அந்தப் பாட்டிலை எடுத்துடறேன். நீங்க நாளைக்குத் தோண்டிடுங்க.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. “சரிம்மா” என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அப்போது கதவருகே செல்வி நின்றாள்.

எங்கள் பகுதிக்குப் பல நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுவார்கள்; அன்றைக்குத்தான் அந்த நாள். அவள் கையில் அந்த நீல பாட்டில். வெளிப்புறம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“உங்க வரிசை வந்துது மேடம். நீங்க இல்லை. அதான் பிடிச்சுக் கொண்டாந்தேன்.”

மேஜையில் வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். “கடைசி ஆளா இருந்தீங்க. தண்ணி நிக்கப் போற நேரம். கிடைக்காதோன்னு பயந்தோம். உங்களுக்கு முன்னால நின்ன தன்னோட ரெண்டாவது குடத்தை மேரி அக்கா பாதியில எடுத்துட்டு, ‘முதல்ல அவியளுக்குப் பிடிட்டி’ன்னு சொல்லிட்டாவ.”

சொல்லிவிட்டு வெளியே போகத் திரும்பினாள். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழாயைப் பற்றியும் இல்லை.

மேடம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டில்தான் எடுக்கப்படாமல் நின்று அந்த வீட்டைக் காத்தது. இப்போது அதை அந்த வீட்டுக்காரியே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அவள் நினைத்திருந்தால் அங்கேயே விட்டிருக்கலாம்.

“உக்காருங்க” என்றார் மேடம். “உங்க வீட்டுக்காரர் எந்த ஊர்ல இருக்காரு? எப்பப் போனாரு? சொல்லுங்க.”

செல்வி நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னதை விட, நடுவில் நிறுத்தி நிறுத்திச் செல்போனைப் பார்த்தது அதிகம். போன் அடித்தது. மேலிடம்தான். மேடம் எடுத்து, “சார், எங்க ஊர்ல போர்னால சம்பாத்தியம் நின்னுபோன வீடுகளைத் துண்டிக்கப் போறதில்லை. பேரூராட்சி மன்றத்துல வச்சு முடிவு எடுத்துட்டு உங்களுக்கு எழுதறேன். பொறுப்பு என்னுடையது” என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார்.

அந்த வாரமே மன்றத்தில் விஷயத்தை வைத்தார். போர்ப் பகுதியில் மாட்டிக்கொண்டவர்கள், அதனால் வேலை குறைந்தவர்கள் வீட்டுக் குழாயைத் தொடுவதில்லை, முடிந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்று உறுப்பினர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கணேசனும் நானும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். கதவைத் தட்டி நல்ல செய்தி சொல்லப் போனது என் பணிக்காலத்தில் எனக்கு அபூர்வமாகக் கிடைத்த பாக்கியம். மேலிடத்திலிருந்து மேடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அவர் பதில் எழுதினார். அதோடு அது ஓய்ந்தது. என் பென்ஷன் தாளையும் ஒருநாள் தாமதம் இல்லாமல் அனுப்பிவைத்தார். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். கழுகுமலை போகிற போதெல்லாம் என் பிள்ளைகள் பெயரோடு அவர் பெயரையும் சொல்லித்தான் அர்ச்சனை செய்கிறேன்.

முருகேசன் பிழைத்தான். எங்கோ ஒரு முகாமில் இருந்திருக்கிறான். ஒற்றை டிக் எல்லாம் ஒரே நேரத்தில் இரட்டை டிக்காக மாறியபோது செல்வி போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்ததாம். சத்தம் போடாத பிள்ளை என்று பேர் வாங்கியவள். ஊருக்கு வந்ததும் அவன் செய்த முதல் வேலை, மேரி வீட்டு வாசலில் போய் நின்றது. “அக்கா, உங்க குடத்தைக் காலால தள்ளினேன். இனிமே பைக்கைத் தலையில தூக்கிட்டுப் போவேன், குடத்தைத் தொட மாட்டேன்” என்றானாம். “பாப்போம் பாப்போம், உன் வாய் பெரிசு” என்றாளாம் மேரி. பாக்கியைச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. ஒருநாள் செல்வியிடம் கேட்டேன். “ஏம்மா, அன்னைக்கு அந்தப் பாட்டிலை ஏன் கொண்டுபோய்க் கொடுத்தே? அது அங்கன நின்னாத்தானே உனக்குக் காவல்?”

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “வரிசை வந்துட்டுல்லா அண்ணாச்சி? பிடிக்காம எப்படி இருக்க?” என்றாள்.

தம்பிகளே, தங்கைகளே, உத்தரவை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டைக் காப்பாற்றப் பொய் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. வெட்டச் சொல்கிற அதிகாரியை அந்த வாசல் வரைக்கும் எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன், சத்தம் போடாத வீட்டுக் கதவை நீங்கள் ஒருமுறை தட்டி, உள்ளே இருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்றது கடவுள் விட்ட வழி. எனக்கு அவர் நல்ல வழியாகவே விட்டார்.

போன வாரம் எங்கள் வீட்டுக் குழாய் காற்றை ஊதியது. குடத்தை எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக் குழிக்குப் போனேன். வயசாகிவிட்டது, தெரிந்தவர்கள்தானே என்று குடத்தைக் கொஞ்சம் முன்னால் வைக்கப் பார்த்தேன்.

“அண்ணாச்சி!” மேரியின் குரல். “ரிட்டயர்டானவியளுக்கெல்லாம் இங்கன தனி வரிசை கிடையாது. பின்னால கொண்டு வைங்க.”

முருகா என்று சொல்லிக்கொண்டு, நிறைந்த மனசோடு, கடைசிக் குடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.